எண்ணெய் பத்திக்கிச்சா? செம்பைக் கீழே வைங்க!

இந்த வாரம் எடுத்தவுடனே ஒரு சர்ப்ரைஸ் டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு கேள்வி, நாலு சாய்ஸ்.

அடுப்புல வாணலி. வாணலியில எண்ணெய். எண்ணெய் மேல திடீர்னு ஒரு முழ உயரத்துக்குத் தீ. நீங்க என்ன பண்ணுவீங்க?

(அ) பக்கத்துல இருக்கற செம்புத் தண்ணியை அப்படியே ஊத்துவேன்.
(ஆ) வாணலியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடுவேன்.
(இ) வாயால ஊதுவேன், இல்லேன்னா துண்டால விசிறுவேன்.
(ஈ) அடுப்பை ஆஃப் பண்ணிட்டு, ஒரு தட்டை எடுத்து மூடுவேன்.

‘ஈ’ன்னு டிக் அடிச்சவங்களுக்கு ஒரு சபாஷ். ஆனா பேப்பர்ல பாஸ் பண்றது ஈஸி பாஸ்! நிஜத்துல தீயைப் பார்த்ததும் கை தானா போறது செம்புப் பக்கம்தான். சின்ன வயசுலேர்ந்து நமக்குத் தெரிஞ்ச ஒரே பாடம் ‘தீ பிடிச்சா தண்ணி’. காகிதம் எரிஞ்சா அது சரி. வைக்கோல் போர் எரிஞ்சாலும் சரி. எண்ணெய் எரியறப்ப மட்டும் அந்தப் பாடம் அப்படியே தலைகீழ்.

‘அடுப்படி சமாச்சாரம் எல்லாம் நமக்கு எதுக்கு?’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. செமஸ்டர் முடிஞ்சா மொட்டை மாடியில பார்பிக்யூ போடற கோஷ்டி இப்ப எல்லா காலேஜ்லயும் இருக்கு. ஆளுக்கு நூறு, இருநூறு போட்டா சிக்கன் ரெடி, அடுப்பு ரெடி, கேமராவும் ரெடி. தீ எழும்பினா என்ன பண்றதுங்கற பிளான் மட்டும் யார்கிட்டயும் இருக்காது. அதான் மேட்டர்.

கிரில் மெஷினை கவனிச்சிருக்கீங்களா?

எங்க ஊர் ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தா மூக்குக்குத் தெரியறது வேற ஆரணி. ஒரு பக்கம் பிரியாணி தம், இன்னொரு பக்கம் கிரில் சிக்கன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கம்பியில கோர்த்த கோழிங்க ராட்டினம் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். எல்லா ஊர்லயும் இருக்கற சீன்தான்.

அடுத்த தடவை பார்சலுக்கு வெயிட் பண்றப்ப மொபைலை பாக்கெட்ல போட்டுட்டு அந்த மெஷினைக் கொஞ்சம் கவனிங்க. நெருப்பு எங்கே இருக்கு? கோழிக்குக் கீழே இல்லை. பின்னாடி! பின்பக்கச் சுவர்ல பர்னர் பொருத்தியிருப்பாங்க. கோழியிலேர்ந்து சொட்டற கொழுப்பு நேரா கீழே இருக்கற டிரேயில விழும், நெருப்பைத் தொடாது. ஷவர்மா மெஷினும் இதே கதைதான். இறைச்சி செங்குத்தா நிக்கும், நெருப்பு பக்கவாட்டுல இருக்கும், கொழுப்பு கீழே இறங்கிடும்.

இதை யோசிச்ச இன்ஜினீயருக்கு ஒரு சல்யூட். கொழுப்பையும் நெருப்பையும் சந்திக்கவே விடாம பண்ணிட்டார் மனுஷன். டிரேயை அப்பப்ப காலி பண்ற வேலையை மட்டும் நம்ம கையில விட்டுட்டார். அதைப் பண்ணாம நாள் கணக்குல கொழுப்பைச் சேர்த்து வெச்சா அந்த மெஷினும் ஆபத்துதான்.

இப்ப நம்ம மொட்டை மாடி பார்பிக்யூவுக்கு வருவோம். இங்கே நெருப்பு கீழே, கம்பி வலை மேலே, அதுக்கும் மேலே மசாலாவுல ஊறின சிக்கன். சொட்டற ஒவ்வொரு துளி கொழுப்பும் நேரா நெருப்புக்குத்தான் போகுது. சூடான பர்னர்ல பட்டதும் ஆவியாகும், ஆவி பத்திக்கும், ‘குபீர்’னு ஒரு தீ எழும்பும். இங்கிலீஷ்ல இதுக்கு ஃப்ளேர் அப்னு பேரு. நாம ‘குபீர்’னே வெச்சுப்போம்.

குபீர் ரெண்டு செகண்ட்ல அடங்கிட்டா பிரச்னை இல்லை. சிக்கன் ஓரத்துல கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். அடங்காம, அடியில தேங்கியிருக்கற பழைய கொழுப்புக்கும் சேர்த்துத் தீ பிடிச்சா கதை மாறிடும். அது கொழுப்புத் தீ. அப்ப கேஸை நிறுத்தினாலும் உடனே அணையாது. ஏன்னா எரியறது இப்ப கேஸ் இல்லை, கொழுப்பு.

ஒரு டம்ளர் தண்ணி = ரெண்டு டிரம் நீராவி

சரி, தண்ணி ஊத்தினா அப்படி என்னதான் ஆகும்? பிளஸ் டூ பிசிக்ஸை லேசா தூசி தட்டுவோம்.

பஜ்ஜி போடற எண்ணெய் சுமாரா 170லேர்ந்து 190 டிகிரி சூட்டுல இருக்கும். ரீஃபைண்ட் எண்ணெய் 230 டிகிரி வாக்குல புகைய ஆரம்பிக்கும். 350 டிகிரியைத் தாண்டிட்டா தீக்குச்சியே வேண்டாம், எண்ணெய் தானாவே பத்திக்கும். ஆக, புகைங்கறது எண்ணெய் நமக்குக் கொடுக்கற மிஸ்டு கால். அதை அட்டெண்ட் பண்ணி அடுப்பைக் குறைச்சா மேட்டர் ஓவர்.

இன்னொண்ணு. திரும்பத் திரும்ப காய்ச்சின எண்ணெய் இன்னும் குறைஞ்ச சூட்டுலயே புகைய ஆரம்பிச்சிடும். ஹாஸ்டல் ரூம்ல ஒரே எண்ணெயை ஒரு வாரம் ஓட்டற சிக்கன சிகாமணிகள் நோட் பண்ணிக்கோங்க. பழைய எண்ணெய் உடம்புக்கும் ஆகாதுன்னுதான் 2018 ஜூலை 1லேர்ந்து அதுக்கு ஒரு அளவே வெச்சிருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய்ல சேர்ற கெட்டுப்போன பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினா அதுல சமைக்கக் கூடாது.

இப்ப எரியற எண்ணெய்ல தண்ணி விழுதுன்னு வைங்க. தண்ணி எண்ணெயை விட கனம். அதனால மேல மிதக்காம நேரா அடிக்குப் போகும். அங்கே 350 டிகிரி. தண்ணி கொதிக்க 100 டிகிரியே போதும். ஸோ, போன நிமிஷமே நீராவி! தண்ணி நீராவியானா சுமார் 1,700 மடங்கு பெருசாகும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணி, 340 லிட்டர் நீராவி ஆகுது. கிட்டத்தட்ட ரெண்டு டிரம்! வாணலிக்குள்ள அதுக்கு இடம் ஏது? எரியற எண்ணெயையும் சேர்த்து வாரிக்கிட்டு மேலே பாயும். துளித் துளியா சிதறின எண்ணெய்க்கு எல்லாப் பக்கமும் காத்து கிடைக்கறதால ஒரே நேரத்துல எரியும். ஒரு முழத் தீ கூரை உயரத்துக்குப் போறது இப்படித்தான்.

‘ஆ’வைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கும் இதே கதிதான். எரியற வாணலியைத் தூக்கிட்டு நடந்தா தீ நம்ம முகத்தைப் பார்த்துத்தான் சாயும். கை சுடும், வாணலி நழுவும், எரியற எண்ணெய் காலோட தரையிலயும் ஓடும். ‘இ’யைப் பத்திச் சொல்லவே வேண்டாம். விசிறினா தீக்குக் கொண்டாட்டம்.

குபீர்னு எழும்பினா…

சின்ன குபீருக்கு ரெண்டே ரெண்டு வேலை. நீளமான இடுக்கியால சிக்கனை நெருப்பு இல்லாத பக்கத்துக்குத் தள்ளுங்க. அந்தப் பக்கத்து பர்னரைக் குறைங்க. சொட்டறது நின்னா குபீரும் நின்னுடும்.

இதுக்குத்தான் கேஸ் கிரில்ல ரெண்டு பர்னர் இருந்தா ஒண்ணை மட்டும் பெருசா எரிய விடணும்னு சொல்றது. ஒரு பாதி சமைக்க, மறு பாதி தப்பிக்க. வலை முழுக்க சிக்கனை அடுக்கி வெச்சா தள்றதுக்கு இடமே இருக்காது. ஸோ, ஹவுஸ்ஃபுல் போர்டு போடாதீங்க.

நிஜமாவே தீ பிடிச்சிட்டா…

1. எல்லா பர்னரையும் ஆஃப் பண்ணுங்க. தீயைத் தாண்டிக் கையை நீட்டாம சிலிண்டரை எட்ட முடியும்னா ரெகுலேட்டரையும் மூடுங்க.

2. மூடியை மூடுங்க. கிரில்லுக்கு அதோட மூடி. வாணலிக்கு அதை விடப் பெரிய தட்டு. உலோகத் தட்டா இருக்கணும். கண்ணாடி மூடி சூட்டுல வெடிக்கலாம், பிளாஸ்டிக் உருகிடும். தட்டை மேலேர்ந்து ‘டப்’னு போடாம, கேடயம் மாதிரி முன்னாடி பிடிச்சுக்கிட்டு நம்ம பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கமா நகர்த்தி மூடணும்.

3. மூடினதைத் திறக்காதீங்க. இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுவாங்க. ‘அணைஞ்சிடுச்சான்னு பாப்போம்’னு திறந்தா புதுசா காத்து போகும், எண்ணெயோட சூடு இன்னும் குறையாததால மறுபடியும் பத்திக்கும். முழுசா ஆறட்டும். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, சிக்கன் போனா போகட்டும்.

4. மூடி இல்லையா? தீ சின்னதா இருந்தா சமையல் சோடாவை அள்ளித் தாராளமா போடலாம். சூட்டுல அதுலேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வந்து தீயை அமுக்கும். ஆனா டப்பாவைப் பார்த்து எடுங்க! மைதா, கடலை மாவு, அரிசி மாவு எதையும் தூவக் கூடாது. பறக்கற மாவு பொசுக்குனு வெடிச்சு எரியும். பஜ்ஜிக் கடையில எண்ணெய்க்குப் பக்கத்துலயே கடலை மாவுச் சட்டி இருக்கும். பதட்டத்துல கை அதுக்குத்தான் போகும், உஷார்!

5. தீ மூடியை விடப் பெருசாயிடுச்சு, சிலிண்டர் டியூப் பக்கம் போகுது, புகை மூச்சை முட்டுதுன்னா ஹீரோயிஸம் வேண்டாம். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே வந்து 101 இல்லேன்னா 112க்கு அடிங்க.

மேலே என்ன இருக்கு?

தீ எழும்பறது ஒரு பாதி ஆபத்து. எழும்பற இடத்துல என்ன இருக்குங்கறது மறு பாதி.

2004 ஜூலை 16. நம்மள்ல பல பேர் பொறக்கறதுக்கு முன்னாடி. கும்பகோணத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடம். சத்துணவு சமைக்கற இடத்துல பிடிச்ச தீ கீத்துக் கூரைக்குத் தாவினது. 94 குழந்தைங்க போயிட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கூரைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. அடுப்புத் தீ அடுப்போட நிக்கணும்னா மேலே பிடிச்சுக்க எதுவும் இருக்கக் கூடாதுங்கற பாடத்துக்கு நாம கொடுத்த விலை அது.

மொட்டை மாடியில மழைக்குப் போட்ட கீத்துக் கொட்டகை, தார்ப்பாய், ஷாமியானா, பர்த்டே ஃப்ளெக்ஸ், கொடியில காயற துணி… இதுல எதுக்குக் கீழேயும் கிரில்லை வைக்காதீங்க. சுவர்லேர்ந்தும் துணியிலேர்ந்தும் ஒரு பத்தடி தள்ளி, திறந்த வெளியில வைங்க. ரூமுக்குள்ள பார்பிக்யூ வேண்டவே வேண்டாம். தீ மட்டும் இல்லை, கார்பன் மோனாக்சைடுன்னு வாசனையே இல்லாத ஒரு எமனும் அதுல உண்டு.

இன்னொரு தேதி, இது நமக்கு ஞாபகம் இருக்கற தேதி. 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. லக்னோவுலேர்ந்து யாத்திரை வந்தவங்களோட தனி கோச் மதுரை ரயில் யார்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. தடையை மீறி உள்ளே கொண்டு வந்திருந்த கேஸ் சிலிண்டரால தீ பிடிச்சு 9 பேர் இறந்தாங்க. டூர் போற எல்லா கேங்லயும் ‘ட்ரெயின்லயே நூடுல்ஸ் போடலாம்டா’ன்னு ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவர்கிட்ட இந்தத் தேதியைச் சொல்லுங்க. ரயில்ல சிலிண்டர் கொண்டு போறது 1989 ரயில்வே சட்டப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் கிடைக்கக்கூடிய குத்தம்ங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க.

தறிக்குழிக்குள்ள ஒரு ஆபத்து

இப்ப எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் நியூஸ். காஞ்சிபுரம், கும்பகோணம்னு தறி ஓடற எந்த ஊர்க்காரங்களும் படிக்கலாம்.

நெசவு நடக்கற வீட்டுல தறிக்கும் அடுப்படிக்கும் நடுவுல பல சமயம் ஒரு சுவர்தான் இருக்கும். சில வீட்டுல அதுவும் இருக்காது. குழித்தறியில நெய்யறவர் குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்துதான் மிதிப்பார். சமையல் கேஸ் காத்தை விட கனமானது. புரோப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. லீக் ஆனா மேலே போகாது, தரையோட தவழ்ந்து பள்ளம் எங்கே இருக்கோ அங்கே போய்த் தேங்கும். வீட்டுக்குள்ள இருக்கற பெரிய பள்ளம் எது? தறிக்குழி!

ஆகவே கேஸ் வாடை வந்தா ஜன்னலை மட்டும் திறந்தா போதாது. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் அகலத் திறங்க. தறியில இருக்கறவரை முதல்ல எழுப்பி வெளியே அனுப்புங்க. ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெண்டுலயும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடிட்டு வெளியே வந்து 1906க்கு போன் பண்ணுங்க. கேஸ் லீக்குக்குன்னே நாடு முழுக்க இருக்கற நம்பர் அது, 24 மணி நேரமும் எடுப்பாங்க. ரப்பர் டியூபை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். உங்க வீட்டு டியூப்ல அச்சடிச்சிருக்கற வருஷத்தை இன்னிக்கே போய்ப் பாருங்க.

ஒரு பாவுல சில சேலை இருக்கும். ஒவ்வொரு சேலைக்கும் பின்னாடி ஒரு குடும்பத்தோட பல நாள் உழைப்பு. பட்டு நூலும் சரிகையும் கடன்ல வந்திருக்கும். தறி பக்கம் தீ போனா அந்த வீட்டுல அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியாது. எங்க கிளாஸ்லயே பாதிப் பேருக்கு இது வெறும் கணக்கு இல்லை.

பட்டுன்னதும் இன்னொரு விஷயம். அசல் பட்டான்னு பார்க்க ஒரு இழையைக் கொளுத்திப் பார்ப்பாங்க. முடி பொசுங்கற வாடை வரும், நெருப்பை எடுத்துட்டா மெல்ல அணைஞ்சிடும், கருகினது விரல்ல பொடியாகும். பாலியஸ்டர்னா உருகிச் சொட்டி ஒட்டிக்கும். இழையில நடக்கறதுதான் உடம்புலயும் நடக்கும். கிரில் முன்னாடி நிக்கறப்ப பளபளா ஜெர்சி, தொங்கற துப்பட்டா ரெண்டும் வேண்டாம். உடம்போட ஒட்டின காட்டன் போடுங்க.

சோப்பு போட்டு அணைக்கலாமா?

நம்பினா நம்புங்க, பெரிய ஹோட்டல் கிச்சன்ல அதான் நடக்குது! சாதாரண சிவப்பு உருளையில வர்ற ஏபிசி பவுடர் எண்ணெய்த் தீயை அப்போதைக்கு அமுக்கும். ஆனா எண்ணெயைக் குளிர வைக்காததால தீ மறுபடியும் எழும்பலாம். அதனால சமையல் எண்ணெய்த் தீக்குன்னே தனி வகை பிரிச்சிருக்காங்க. அதுக்கு ‘எஃப்’ வகைன்னு பேரு, அமெரிக்காவுல ‘கே’. இதுக்கான கருவியில பொட்டாசியம் உப்புக் கரைசல் இருக்கும். சூடான எண்ணெய் மேல அது பட்டதும் எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகும். அதே சபோனிஃபிகேஷன்தான்! லேப்ல அசைன்மென்ட்டுக்காக மனப்பாடம் பண்ணினோமே, அது. அந்தச் சோப்பு நுரை எண்ணெய் மேல போர்வை மாதிரி படிஞ்சு காத்தை நிறுத்தும், கூடவே சூட்டையும் குறைக்கும். எங்க ஊர்ல பட்டு நூலோட பசையை எடுக்க சோப்புத் தண்ணியில வேக வைப்பாங்க. அதே சோப்பு இங்கே ஃபயர் சர்வீஸ் வேலை பார்க்குது.

சுட்டுடுச்சுன்னா…

ஓடற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. தண்ணி இங்கேதான் ஹீரோ! மோதிரம், வளையல், வாட்ச்சை வீக்கம் வர்றதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. ஐஸ், டூத்பேஸ்ட், இங்க், முட்டை, எண்ணெய் எதுவும் தடவாதீங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. ஒட்டின துணியைப் பிய்க்காதீங்க. சுத்தமான துணியால லேசா மூடிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பெரிய காயம்னா 108. உடம்புத் துணியில தீ பிடிச்சா ஓடாதீங்க, தரையில விழுந்து உருளுங்க.

பத்த வைக்கறதுக்கு முன்னாடி

* போன தடவை தேங்கின கொழுப்பை டிரேயிலேர்ந்து காலி பண்ணியாச்சா? கிரில் தீக்குப் பெரிய காரணமே கழுவாத கிரில்தான்.
* சிக்கன்ல தொங்கற கொழுப்பை வெட்டியாச்சா? மசாலா எண்ணெயை வடிய விட்டாச்சா?
* மூடியைத் திறந்து வெச்சுட்டுத்தானே பத்த வைக்கறீங்க? மூடி வெச்சு கேஸைத் திறந்தா உள்ளே கேஸ் சேர்ந்து, பொறி பட்டதும் வெடிக்கும். பத்தலைன்னா ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் பொறுங்க.
* டியூப் மூட்டுல சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தாச்சா? குமிழி வந்தா லீக்.
* இன்னிக்கு சிலிண்டரை மூடப் போறது யார், தட்டை எடுக்கப் போறது யார்னு ரெண்டு பேருக்கு வேலை பிரிச்சாச்சா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஏன்னா பதட்டத்துல யோசனை வராது, பழக்கம்தான் வரும். அதனால அடுப்பைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை சும்மா நடிச்சுப் பாருங்க. ஒருத்தர் ‘தீ!’ன்னு கத்தணும், ஒருத்தர் நாபைத் திருப்பணும், ஒருத்தர் தட்டோட வரணும். சிரிப்பா இருக்கும், மொத்தமே முப்பது செகண்ட்தான். வீட்டுல அம்மாவையும் ஒரு தடவை நடிக்க வைங்க. தினமும் அந்த எண்ணெய் முன்னாடி நிக்கறது அவங்கதானே?

எண்ணெய்த் தீயோட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது மக்களே. காத்து கொடுக்காம பட்டினி போட்டா அதுவே செத்துடும். தட்டு கைக்கு எட்டற தூரத்துல இருக்கட்டும், செம்பு கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்!

அடுத்த வாரம்: ஹாஸ்டல் ரூம்ல ஒரே பிளக்ல அஞ்சு சார்ஜர், ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு கெட்டில்… அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸோட சோகக் கதை. வரட்டா!